பாதுகாப்புப் பிரதேசம்

அவர் ஒருநாளும் ஒருவரிடமும் எதையும் கேட்டதில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட, "மாஸ்ரர், உங்கட உப்புப் போத்தில் ஈரலிக்கப் போகுது, நான் மூடி வைக்கிறன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே எடுப்பார். எடுத்தது திரும்பி வராது. அடுத்த நாள் அந்தப் போத்தல் அவருடைய அலுமாரித் தட்டில் நிற்கும். ஈரலிக்காமல்தான் நிற்கும்.

நாங்கள் அவரை ஜேர்மன் அண்ணை என்றோம். கனடாவுக்கு வருமுன் ஆறு வருடம் ஜேர்மனியில் இருந்தவர். முகம் எனக்கு இப்போது பாதிதான் ஞாபகம் வருகிறது. வழித்த தாடை, படிய வாரிய தலை, வீட்டுக்குள்ளும் கசங்காமல் உடுத்த சாரம். குரல் முழுவதும் ஞாபகம் இருக்கிறது. தாழ்ந்த குரல். கெட்ட செய்தி சொல்லுமுன் டொக்டர் நம் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாரே, அப்படி ஒரு குரல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹோலும் கொண்ட வீடு. கட்டடத்துக்கு மூன்று லிஃப்ற், ஓடுவது ஒன்று. அதுவும் எந்த நேரம் நிற்குமோ என்று நான் ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் ஏழு முள்ளுக்கரண்டி, நாலு கோப்பை, ஐந்து ஆண்கள். நான் எதையும் எண்ணுகிறவன். ஊரில் கணிதம் படிப்பித்தவன். இங்கே ஒரு கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து கார் எண்ணினேன். எங்கள் வீட்டுத் தரை சின்னச் சின்ன மரச் சதுரங்களால் ஆனது. ஹோலில் நீளப்பாட்டுக்கு முப்பத்தாறு, அகலப்பாட்டுக்கு இருபத்திரண்டு. வேறு என்னத்தை எண்ணுவது?

பெரிய அறையில் கொக்குவில் சகோதரர்கள் சிவமும் பாலனும் இருந்தார்கள். இருவருக்கும் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சின்ன அறையில் நானும் மட்டக்களப்புத் தவராசாவும். தவராசா மெத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். அதிகம் பேசமாட்டான். மனைவியும் நாலு வயது மகளும் ஊரில், ஒரு பள்ளிக்கூட ஹோலில், அகதிகளோடு அகதிகளாகச் சீலை கட்டி மறைத்த மூலையில் இருந்தார்கள். ஸ்பொன்சர் சரிவந்து, குளிர்காலத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று ஆகியிருந்தது. ரெலிபோனில் மனைவியிடம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கதவு இரிக்கிற அறை. உள்ளால பூட்டலாம்."

அவர்கள் வந்ததும் சின்ன அறை அவர்களுக்கு, நான் ஹோலுக்கு வருவது, தனி வீடு கிடைக்கும்வரை அப்படியே இருப்பது என்று ஐந்து பேரும் இருந்து பேசி முடிவு செய்தோம். ஜேர்மன் அண்ணையும் தலையாட்டினார். அதைப் பார்த்தேன். ஐந்து தலை, ஐந்தும் ஆடின.

ஐவரில் அவர்தான் கடைசியாக வந்தவர். வந்தபோது அறைகள் நிரம்பிவிட்டன. ஹோலில் சப்பாத்துக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெத்தைக்கு இடம் கொடுத்தோம். "அண்ணை, பிந்தி வந்திட்டியள், குறை நினையாதேங்கோ" என்றான் பாலன்.

"ஜேர்மன்காரனும் பிந்தித்தான் வந்தவன், தம்பி" என்றார் அவர். "அவன் வரேக்க இங்கிலிஸ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உலகத்தைப் பங்கு போட்டு முடிச்சிட்டாங்கள். பிந்தி வாறவனுக்கு ரெண்டு வழி. ஒண்டு, மிச்சத்தை நக்கிறது. மற்றது, பங்கு பிழையெண்டு சொல்லுறது."

எல்லோரும் சிரித்தோம். படித்த மனிதர் ஒருவர் வந்து சேர்ந்தாரே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அவருடைய இரண்டு சூட்கேசில் ஒன்றில் உடுப்பு. மற்றதில் இருபத்துமூன்று புத்தகங்கள். எல்லாம் ஜேர்மன் மொழியில், கறுத்துத் தடித்த பழைய எழுத்தில். ஜேர்மன் சக்கரவர்த்தி காலத்துப் பேராசிரியர்கள் எழுதியவை என்றார். அரசியல் புவியியல், கடற்படை, குடியேற்றம், வெளிநாட்டுக் கொள்கை. எப்படி இவற்றில் விழுந்தார் என்று ஒருமுறைதான் சொன்னார், அதுவும் தேநீர் ஊற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல். அகதி விடுதி இருந்தது ஒரு சின்ன ஊரில். வேலை செய்யக் கூடாது. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. "ஊரின்ர முடிவில ஒரு பாலம், மாஸ்ரர். எல்லை பாலத்தின்ர நடுவில. அங்கால காலை வைச்சால் தண்டம். நான் ஒவ்வொரு நாளும் பாலத்தின்ர நடு மட்டும் நடந்துபோய்த் திரும்பி வாறனான்." இந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு நூலகம் மட்டும். அங்கே யாரோ செத்தவருடைய புத்தகங்கள், யாரும் தொடாமல். அதை வாசிக்கத்தான் பழைய எழுத்தைப் பழகினார்.

ஒரு மாவட்டத்துக்குள் ஆறு வருடம் அடைபட்ட மனிதர், நாடுகள் ஏன் பெருக்க வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அரசு எண்டது உயிருள்ள சாமான்" என்பார். "எல்லை எண்டது கோடு இல்லை, மாஸ்ரர், தோல். உயிர் வளர்ந்தால் தோல் விரிய வேணும். விரியாட்டில் உள்ளுக்கை அழுகும்." அவர் பேசப் பேச அவருடைய மெத்தையைப் பார்ப்பேன். முதல் மாதம் அது ஆறு சதுர அகலம். பிறகு பக்கத்தில் ஒரு விளக்கு. பிறகு விளக்குக்கு ஒரு ஸ்ரூல். பிறகு ஸ்ரூலுக்கும் மெத்தைக்கும் நடுவில் யாரும் கால் வைக்கக் கூடாத ஓர் இடம். பதினொரு சதுரம். குளிர்சாதனப் பெட்டியில் நாலு தட்டு. அதில் இரண்டு அவருடையது. அவருக்குச் சீனி வருத்தம், ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும், மருந்தோடு மீன் நாறக் கூடாது. நியாயம்தானே. எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

ஜேர்மன்காரர் பிடித்த நாடுகளை அவர்கள் குடியேற்ற நாடு என்று சொல்லவில்லையாம். பாதுகாப்புப் பிரதேசம் என்று சொன்னார்களாம். முதலில் ஒரு வியாபாரி போவான். உள்ளூர்த் தலைவன் ஒருவனோடு ஒப்பந்தம் எழுதுவான்: உன்னை மற்றவர்களிடமிருந்து நாங்கள் பாதுகாப்போம். தலைவன் கைநாட்டு வைப்பான். கொடி பிறகுதான் வரும். இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஓர் அழகு வரும். நல்ல கணக்கு ஒன்று இரண்டு வரியில் முடியும்போது என் முகத்திலும் அப்படி வந்திருக்கும்.

"அந்த ராச்சியம் கடைசியில தோத்ததெல்லோ?" என்று நான் கேட்டேன்.

"ஆக்கள் தோத்தவை. கொள்கை தோற்கேல்லை."

ஒரு பெரிய பித்தளைப் பூட்டு வாங்கி வந்து ஸ்ரூலில் வைத்தார். பூட்டுவதற்கு அவரிடம் கதவு இல்லை. எதற்கு என்று சிவம் கேட்டான். "சக்கரவர்த்தி கப்பற்படை கட்டினவரெல்லே, இங்கிலிஸ்காரனை அடிக்கிறதுக்கில்லை. அடிபட்டால் உனக்கும் நட்டம் எண்டு அவன் யோசிக்கவேணும், அவ்வளவுதான். உது கிடக்கட்டும். கிடக்குதெண்டு தெரிஞ்சால் காணும்."

ஒரு ஞாயிறு மத்தியானம். ஆட்டிறைச்சிக் கறி. ஐந்து பேரும் தரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆபிரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருந்த ஒரு சனத்தைப் பற்றி அவர் சொன்னார். மாடு வளர்த்த சனம். நிலம் போகிறது என்று எழும்பினார்கள். ஜேர்மன் படை வந்து அவர்களைப் பாலைவனப் பக்கம் தள்ளியது.

"பிறகு சுட வேண்டிய தேவையே இல்லை. தண்ணி இருக்கிற இடங்களில காவல் போட்டினம். அவ்வளவுதான் வேலை." எலும்பை உடைத்து உறிஞ்சினார். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கறிக்கு எத்தனை மிளகாய் என்று சொல்வது போலச் சொன்னார்.

"எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேப்பியள் எண்டு தெரியும், மாஸ்ரர். உள்ளுக்கை போனவையை ஒருத்தரும் நிண்டு எண்ணேல்லை."

நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். சகோதரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவராசா கேட்டான்: "அண்ணன், அந்தக் காவல்காரனுக்குத் தண்ணி?"

"அவன் தண்ணிக்குப் பக்கத்தில எல்லோ நிக்கிறான், தவராசா."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தவராசா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.

வெளிவிவகாரம் முழுவதும் மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. கட்டடத்தைப் பார்க்கிற சுப்பிரின்டனுடன் பேசுவது அவர். ரெலிபோன் கொம்பனியோடு பேசுவது அவர். எதிர்வீட்டில் தனியாக இருந்த பிலிப்பினோக் கிழவியின் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வருவதும் அவர். ஹீற்றர் வேலை செய்யாமல் நான் இருமி இருமிச் செத்துக்கொண்டிருந்தபோது, கீழே போய் ஒரே பேச்சில் ஆளைக் கூட்டிவந்து திருத்தினார். அவருக்கு இங்கிலிசும் வந்தது, பயமும் வரவில்லை.

உள்விவகாரமும் அப்படித்தான். என்னிடம் தனியாக, "மாஸ்ரர், பெடியள் உங்கட இருமலைப் பற்றிச் சுப்பிரின்டனிட்டைச் சொல்லப் பாத்தவங்கள். நான் மறிச்சுப்போட்டன். நீங்கள் காட்டிக்கொள்ளாதேங்கோ" என்றார். நான் காட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பெடியளோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் இருவர் இருவராகச் சேர்த்தால் பத்துச் சோடி. அதில் நாலு அவரோடு. அந்த நாலும் இறுகிக்கொண்டு வந்தன. மிச்சம் ஆறும், அண்ணன் தம்பி என்ற சோடி உட்பட, ஒவ்வொன்றாக இளகின. ஒரே பானையில் சமைத்தவர்கள் மூன்று பானையில் சமைக்கத் தொடங்கினோம்; அவர் மூன்றிலும் எடுப்பார். பானைகளை எண்ணினேன். ஏன் மூன்று என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

சின்ன அறையின் யன்னல் கண்ணாடி வெடித்திருந்தது. மார்கழிக் காற்று அதற்குள்ளால் வந்து என் முதுகில் இறங்கியது. "இப்பிடி விட்டால் உங்களுக்கு நிமோனியா வரும்" என்றார். தன் புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து யன்னல் கட்டில் அடுக்கினார். காற்று நின்றது. நான் நன்றி சொன்னேன். புத்தகம் இருந்தால் வாசிக்க மேசை வேண்டும் என்று மேசை வந்தது. மேசைக்கு விளக்கு வந்தது. ஈரம் பிடித்த சுவருக்குத் தானே வெள்ளைப் பெயின்ற் அடித்தார். பெயின்ற் மணம் என் நெஞ்சுக்குக் கூடாது என்று என்னை ஹோலுக்கு அனுப்பினார். எப்படியும் ஹோலுக்கு வரத்தானே போகிறேன் என்று நானும் போனேன். தவராசாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை மாறியது. பகலில் வெளிச்சத்தில் படுக்க முடியாதென்று அவனுடைய மெத்தை குசினிக்குப் பக்கத்தில் யன்னல் இல்லாத மூலைக்குப் போனது. அதையும் அவர்தான் தூக்கிப் போட்டார். சுப்பிரின்டனைக் கூப்பிட்டுக் கண்ணாடியையும் புதிதாகப் போடுவித்தார். பித்தளைப் பூட்டு ஸ்ரூலைவிட்டு அறைக் கதவுக்கு வந்தது. பூட்டாமல், சும்மா தொங்கியது.

"அவ வந்தா, அண்ணன் ஹோலுக்கு வந்திருவாரெல்லா, மாஸ்ரர்?" என்று தவராசா என்னைக் கேட்டான்.

"வராமல்?" என்றேன்.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். தவராசா விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தான். அந்தப் பிள்ளை தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய றோசா நிற ஜாக்கெற்றுக்குள் இருந்து எங்களைப் பார்த்தது. மனைவி சுகந்தி மெலிந்த உயரமான பெண். கையில் ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே அறைக் கதவைத்தான் பார்த்தாள். பூட்டு கதவின் வெளிப்பக்கத்தில் இல்லை. உள்ளுக்குப் போயிருந்தது.

தவராசா தட்டினான். "அண்ணன், ஆக்கள் வந்திட்டாங்க."

"சந்தோஷம்" என்றது கதவுக்குள்ளிருந்து அந்தத் தாழ்ந்த குரல்.

"அறை, அண்ணன். சொன்ன சொல் இரிக்கி."

"சொன்னது ஒரு உடைஞ்ச அறையைப் பற்றி, தவராசா. காத்தும் ஈரமும். ஆர் திருத்தினது? ஒரு நிலத்தை ஆர் பண்படுத்தினானோ அவனுக்குத்தான் அது. உது நான் உண்டாக்கின அறை."

"பிள்ளைக்கு நாலு வயசு."

"அதுதான் சொல்லுறன். பிள்ளை வளரும். வளருற ஆக்களுக்கு உந்த அறை காணாது. நான் விட்டுத் தந்தால் நீர் வெளியில வீடு தேடமாட்டீர். இதுக்குள்ளயே கிடந்து அழுந்துவீர். உம்மட நன்மைக்குத்தான்."

தவராசா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. பிறகு தவராசா போய்ப் பெட்சீற் ஒன்றை எடுத்துவந்து ஹோலில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். சுகந்தி அந்தச் சீலையை மேலிருந்து கீழே பார்த்தாள். பெரிய ஜாக்கெற்றோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீலைக்குள் போனாள்.

இப்படிக் கொஞ்ச நாள் போனது. அவர் வெளியே வரும்போது சுகந்தி சீலைக்குள் இருப்பாள். பிள்ளை ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்தது. அவர் அதன் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "விரல் நசியும், குஞ்சு" என்று சொல்லிக் கதவை மூடினார்.

அவர் பார்க்காத ஒன்று குசினியில் நடந்தது. சுகந்தி மூன்று பானையையும் பார்த்தாள். ஒன்றில் சகோதரர்களின் பருப்பு, ஒன்றில் என் கஞ்சி, ஒன்றில் தவராசாவின் பழஞ்சோறு. "இதென்னகா, ஒரு வீட்டுக்குள்ள மூணு அடுப்பு?" என்று கேட்டுவிட்டு ஒரே பானையில் எல்லோருக்கும் சமைத்தாள். அதனால் மறுபடி ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டி வந்தது. சாப்பிடும்போது பாலன் என்னிடம், "மாஸ்ரர், எங்களோட இருக்கிறது உங்களுக்கு அரியண்டம், எங்களால உங்கட காசு காணாமப் போகுதெண்டு சொன்னியளாம்" என்றான்.

"நானோ? நீங்கள்தானே என்ர இருமலை..."

சிவம் தம்பியைப் பார்த்தான். "நீ தனி வீடு பாக்கிறாய் எண்டு அண்ணை எனக்குச் சொன்னார்."

"நீ பாக்கிறாய் எண்டெல்லோ எனக்கு."

பிறகு பாலன் சிரிக்கத் தொடங்கினான். வாயில் சோற்றோடு மூன்று பேரும் சிரித்தோம். சுகந்தி சிரிக்கவில்லை. தவராசாவும் சிரிக்கவில்லை.

"ராவைக்குக் கதவை உடைப்பம்" என்றான் சிவம்.

"உடைச்சா பொலிசைக் கூப்பிடுவார். இங்கிலிசும் அவருக்குத்தான் வரும்" என்றான் தவராசா. கையை நக்கிக்கொண்டு யோசித்தான். "அறை அவருக்கே இரிக்கட்டும். அறைக்குள்ள தண்ணி இல்லையே."

அடுத்த சனிக்கிழமை காலை எல்லோரும் வீட்டில் நின்றோம். எங்கள் குசினி ஓர் ஒடுக்கம். வாசலில் ஒரு கதிரை போட்டால் வழி முடிந்தது. தவராசா கதிரையைப் போட்டு அதில் இருந்து வெங்காயம் உரித்தான். சிவம் துவாயை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குளிக்கிற சத்தம் கேட்கவில்லை.

"மாஸ்ரர்" என்றான் தவராசா. "அந்த ஆபிரிக்கா ஆக்களை ஒருத்தரும் எண்ணல்ல எண்டாரெல்லா. இந்த முறை நீங்க இரிக்கிறீங்க. எண்ணுங்க."

அவர் வந்தார். வழித்த தாடை, மடிப்புக் கலையாத சாரம். குசினி வாசலில் நின்றார். விலகுவான் என்று பார்த்தார். தவராசா விலகவில்லை.

"என்ன வேணும், அண்ணன்?"

"ஊசி."

"கேளுங்க. 'தவராசா, எடுத்துத் தா' எண்டு கேளுங்க. தாறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "தவராசா, வெங்காயம் கண்ணுக்குக் கூடாது" என்றார். "நான் உரிக்கிறன், நீர் எழும்பும்."

"எனக்குப் பழகிப்போச்சு."

திரும்பிப் போனார். நான் ஒன்று என்று எண்ணினேன். இரண்டாவது முறை வந்தபோது உதடு காய்ந்திருந்தது. பாத்ரூம் கதவைத் தட்டினார். "குளிக்கிறன், அண்ணை" என்றான் சிவம் உள்ளிருந்து. பெரிய அறையில் பாலன் சிரித்தது கேட்டது. மூன்றாவது முறை வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கு ஒட்டிப்போய்ப் பேச்சு குழறியது. ஆனாலும் கேட்கவில்லை. பனியால் வெளிச்சமான யன்னலைப் பார்த்துக்கொண்டு, "சுத்தி வளைச்சிட்டினம்" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது, தான் வாசித்தது சரிவந்துவிட்டது போல.

"தவராசா, சீனி வருத்தக்காரன்..." என்றேன்.

சுகந்தி சீலைக்குள்ளிருந்து எழும்பி வந்தாள். கணவனின் தோளில் தட்டினாள், அவன் விலகினான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மருந்துப் பெட்டியையும் ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்தாள். நான் மூச்சு விட்டேன். அவள் அவற்றை அவர் கையில் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டிப் போய், வீட்டின் வாசல் கதவைத் திறந்து, வெளியே கொரிடோரில், லிஃப்றுக்குப் பக்கத்துக் கார்பெற்றில் வைத்துவிட்டு வந்தாள்.

"அங்க இரிக்கி" என்றாள். "ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்ல. எடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். வந்த நாள் முதல் அவளை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒரு பாலத்தின் நடுவில் நின்று அடுத்த பக்கத்தைப் பார்க்கிற மாதிரி வாசற்படியைப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு, சாரமும் பெனியனுமாக வெளியே காலை வைத்தார். குனிந்து பெட்டியை எடுத்தார்.

சுகந்தி கதவைச் சாத்தினாள். பூட்டைத் திருப்பினாள். சங்கிலியையும் போட்டாள். பிறகு கணவனிடம் சொன்னாள்: "கதவு இரிக்கி, உள்ளால பூட்டலாம் எண்டு சொன்னீங்க. ஓம், பூட்டலாம்."

நான் போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. தண்ணீரை முழுவதும் குடித்தார். சுவரில் சாய்ந்து, பெனியனை உயர்த்தி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார். சாரத்தைச் சரிசெய்தார். கையால் தலையைப் படிய வாரினார். பிறகு கொரிடோரின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை மெதுவாகப் பார்த்தார். பத்துக் கதவு ஒரு பக்கம், பத்து மறுபக்கம். எனக்கு அது தெரியும். அவரும் எண்ணியிருப்பார்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பிலிப்பினோக் கிழவி திறந்தாள். அவர் குனிந்து அவளுடைய வாசற்படியைக் காட்டி, அந்த அழகான தாழ்ந்த குரலில், இங்கிலிசில் சொன்னது எனக்குக் கேட்டது: உங்கள் கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது, அம்மா. கொரிடோர்க் காற்று வருகிறது. இந்த வயதில் உங்களுக்கு ஆகாது.

கிழவி தன் காலைப் பார்த்தாள். வழி விட்டாள்.

பின்னேரம் தவராசா இருபத்துமூன்று புத்தகங்களையும் மேசையையும் சூட்கேசுகளையும் அந்த வாசலில் கொண்டுபோய் வைத்தான். இருட்டுவதற்குள் எல்லாம் உள்ளே போய்விட்டன. அந்த வீட்டில் கிழவி எத்தனை சதுரத்தில் இருந்தாள், பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

தவராசாவின் குடும்பம் சின்ன அறைக்குப் போனது. பித்தளைப் பூட்டு கதவிலேயே தொங்கியது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஹோலில் நான் மட்டும், நீளப்பாட்டுக்கு முப்பத்தாறு, அகலப்பாட்டுக்கு இருபத்திரண்டு. இனியாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை வேலையால் வந்தபோது என் மெத்தையின் தலைமாட்டில், யன்னலை மறைத்துக்கொண்டு, இரண்டு அரிசி மூட்டையும் ஒரு தையல் மெசினும் நின்றன. தவராசா அவற்றை நேராக்கிக்கொண்டு நின்றான்.

"மாஸ்ரர், இந்த யன்னலால உங்களுக்குக் காத்து வருதெல்லா" என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "மூட்டை நிண்டா வராது. உங்கட நெஞ்சுக்கு நல்லம்."

நான் நன்றி சொன்னேன். மெத்தையை நாலு சதுரம் தள்ளிப் போட்டேன்.